இத்தாலியக் குடும்பப் பெயர் ஒன்றின் ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி? எஸ்போசிட்டோவை வைத்து ஒரு வழிகாட்டி

மார்கெரீட்டா பீட்சா பிறந்த கதையை யார் சொன்னாலும் ரஃபேலே எஸ்போசிட்டோ என்ற பெயர் வந்துவிடும். 1889-இல் நேப்பிள்ஸுக்கு வந்த அரசி மார்கெரீட்டாவுக்கு அவர்தான் அந்தப் பீட்சாவைச் செய்துகொடுத்தார் என்பார்கள். கதையில் எவ்வளவு உண்மை என்பது வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் தீராத வழக்கு. அது கிடக்கட்டும், அந்தப் பீட்சாக்காரரின் குடும்பப் பெயரைப் பாருங்கள். இத்தாலியில் அதிகம் பேரிடம் இருக்கும் பெயர்களைப் பட்டியல் போட்டால் ரோஸ்ஸி, ருஸ்ஸோ, ஃபெராரி ஆகியவற்றோடு எஸ்போசிட்டோவும் முன்வரிசையில் நிற்கும். நேப்பிள்ஸில் அதுதான் முதலிடம்.

இப்படி ஒரு பெயர் எங்கே தோன்றியது, எப்படிப் பரவியது, இன்று எந்த ஊரில் எவ்வளவு பேரிடம் இருக்கிறது என்று தேடிப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. பலெர்மோவிலோ பொலோன்யாவிலோ பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஈழத்தமிழ்க் குடும்பமாக இருக்கலாம், இத்தாலியக் குடும்பத்தோடு சம்பந்தம் செய்தவராக இருக்கலாம், வெறும் ஆர்வத்தில் தேடுபவராக இருக்கலாம், எல்லோருக்கும் வழி ஒன்றுதான். இத்தாலிய மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பத்துப் பதினைந்து சொற்கள் பழகிவிட்டால் பதிவேட்டைப் படித்துவிடலாம்.

ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் 'இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?' என்ற கேள்வியோடு வருகிறார்கள். அர்த்தத்தைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். முதலில் ஊர். 1861 வரை இத்தாலி ஒரே நாடாக இருக்கவில்லை. நேப்பிள்ஸ் ஒரு ராஜ்யம், ரோம் போப்பின் கையில், வெனிஸ் ஒரு பக்கம், பியட்மான்ட் இன்னொரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பேச்சு, தனிச் சட்டம், தனிப் பதிவேடு. ஒரே பெயர் இரண்டு ஊர்களில் இரண்டு வெவ்வேறு காரணங்களால் முளைத்திருக்கும். ஊர் தெரியாமல் அர்த்தம் தேடினால் வேறு யாருடைய தாத்தாவையோ நம் தாத்தா என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

முதல் படி: எழுத்தைச் சரிபார்ப்பது

பெயரை இத்தாலிய ஆவணத்தில் இருக்கிறபடியே, ரோமன் எழுத்தில், ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். இத்தாலியத்தில் ஒற்றை மெய்க்கும் இரட்டை மெய்க்கும் வித்தியாசம் உண்டு. ஒரு 'எஸ்' போட்ட ரோசியும் இரண்டு 'எஸ்' போட்ட ரோஸ்ஸியும் வேறு வேறு பெயர்கள். தமிழில் எழுதிவைத்த பெயரை வைத்துத் தேட ஆரம்பித்தால் இந்த இடத்திலேயே வழி மாறிவிடும்.

எஸ்போசிட்டோவுக்குச் சொந்தக்காரப் பெயர்கள் நிறைய. தெற்கிலும் சிசிலியிலும் ஸ்போசிட்டோ, பொலோன்யாப் பக்கம் தெல்யி எஸ்போஸ்தி, முன்னால் ஒரு 'டி'யும் மேற்கமாவும் (D') சேர்ந்த தெஸ்போசிட்டோ. இவற்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உச்சரிப்பில் இத்தாலியர்கள் 'போ' மேல் அழுத்தம் கொடுப்பார்கள். வட அமெரிக்காவுக்குப் போன குடும்பங்களில் அந்த அழுத்தம் 'சி'க்கு நகர்ந்துவிட்டது. கனடாவின் ஐஸ் ஹாக்கி சகோதரர்கள் ஃபில், டோனி எஸ்போசிட்டோ பெயரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கடல் கடந்த பெயரில் அழுத்தம் மட்டுமா மாறும், எழுத்தும் மாறியிருக்கும். அதனால் வெளிநாட்டு ஆவணத்தை நம்பி இத்தாலியப் பதிவேட்டுக்குப் போகாதீர்கள். கப்பல் ஏறியவரின் இத்தாலியப் பிறப்புச் சான்றோ திருமணச் சான்றோ கிடைக்கிறதா என்று முதலில் வீட்டுப் பெட்டியைக் குடைந்து பாருங்கள்.

அர்ஜென்டினாவில் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்பானிய மொழியிலும் இதே பொருளில் எக்ஸ்போசிதோ என்ற குடும்பப் பெயர் உண்டு, அதுவும் காலப்போக்கில் எஸ்போசிதோ என்று தேய்ந்திருக்கிறது. அங்கே இருக்கும் எஸ்போசிதோ நேப்பிள்ஸிலிருந்து போனவராகவும் இருக்கலாம், ஸ்பெயினிலிருந்து போனவராகவும் இருக்கலாம். பெயரை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது.

இத்தாலிய அரசுத் தாள்களில் குடும்பப் பெயர் பெரும்பாலும் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால். தகப்பன் பெயரை இனிஷியலாகப் போட்டுப் பழகிய நமக்கு எது கொன்யோமே, எது நோமே என்று தடுமாறும். கொன்யோமே என்றால் குடும்பப் பெயர், நோமே என்றால் சொந்தப் பெயர். சந்தேகம் வந்தால் கோதிச்சே ஃபிஸ்காலே என்ற வரி அடையாளக் குறியீட்டைப் பாருங்கள். அதன் முதல் மூன்று எழுத்தும் குடும்பப் பெயரிலிருந்து, பெரும்பாலும் அதன் மெய்யெழுத்துகளிலிருந்து, வருபவை. எஸ்போசிட்டோ என்றால் எஸ், பி, எஸ். எது குடும்பப் பெயர் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நமக்கு சாதகமான வழக்கம் ஒன்றும் அங்கே உண்டு. இத்தாலியில் கல்யாணமான பெண் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரிலேயே தொடர்கிறாள். ஆகவே பழைய பதிவேட்டில் தாயின் பெயரைப் பார்த்தால் அது அவளுடைய அப்பா வீட்டுப் பெயர். இரண்டு பக்கத்தையும் தேடிப் போக முடியும். 2022-இல் இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு குழந்தைக்குத் தாய், தந்தை இருவர் பெயரையும் சேர்த்து வைப்பதே பொது விதியாகியிருக்கிறது. பெற்றோர் ஒத்துக்கொண்டால் ஒரே பெயர் போதும். சின்னக் குழந்தையின் சான்றிதழில் இரண்டு குடும்பப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.

இரண்டாம் படி: வரைபடத்தில் பார்ப்பது

குடும்பப் பெயர்களை வரைபடத்தில் காட்டும் இத்தாலியத் தளங்கள் உள்ளன. கொன்யோமிக்ஸ் ஒன்று, ஜென்ஸ் இன்னொன்று. பெயரைத் தட்டினால் எந்த மாநிலத்தில், எந்த மாவட்டத்தில் எவ்வளவு அடர்த்தி என்று வண்ணத்தில் வரும். எஸ்போசிட்டோவைத் தட்டிப் பாருங்கள். நேப்பிள்ஸும் அதைச் சுற்றிய கம்பானியா மாநிலமும் தூக்கலாகத் தெரியும். ருஸ்ஸோ தெற்கில் கொட்டிக் கிடக்கும். ரோஸ்ஸி வடக்கிலும் நடுப்பகுதியிலும். இரண்டுமே சிவந்த முடியோ நிறமோ உள்ளவர் என்ற ஒரே பொருளிலிருந்து வந்தவை.

வரைபடத்தைப் படிக்கத் தெரிய வேண்டும், இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். எஸ்போசிட்டோ மிலானிலும் டூரினிலும்கூடக் கணிசமாக இருக்கும். அது அந்த ஊர்களில் தோன்றிய பெயர் என்று ஆகாது. 1950-களிலும் 60-களிலும் தெற்கத்திக் குடும்பங்கள் வடக்கின் தொழிற்சாலைகளைத் தேடி லட்சக்கணக்கில் போயின, பெயரும் கூடவே போனது. எப்படிப் பிரித்துச் சொல்வது? பெரிய நகரத்தில் மட்டும் இருந்து, சுற்றியுள்ள சின்னச் சின்ன ஊர்களில் இல்லை என்றால் பெயர் குடியேறி வந்தது. ஒரு வட்டாரத்தின் கிராமங்களிலெல்லாம் பரவிக் கிடந்தால் அங்கே வேர் இருக்கிறது. நேப்பிள்ஸ் நகரத்தை விட்டு வெசூவியஸ் மலையடிவாரத்து ஊர்களைப் பாருங்கள், எஸ்போசிட்டோ அங்கேயும் விடாமல் வரும்.

இந்தத் தளங்களின் கணக்கு பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகத்திலிருந்து எடுத்தது. ஒரு வீட்டுக்கு ஒரு பெயர். லேண்ட்லைன் இல்லாதவர்கள், கணவர் பெயரில் இணைப்பு இருக்கும் வீட்டுப் பெண்கள் அதில் விடுபட்டுப் போவார்கள். ஆகவே அங்கே வரும் எண்ணை மக்கள்தொகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இடத்துக்கு இடம் ஒப்பிட மட்டும் அது நல்ல கருவி.

எண்ணிக்கை வேறு, அடர்த்தி வேறு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கற்பனையாக ஒரு கணக்கு: 500 குடும்பம் உள்ள ஊரில் 25 குடும்பத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, 50,000 குடும்பம் உள்ள நகரத்தில் 100 குடும்பத்துக்கு அதே பெயர். எண்ணிக்கையில் நகரம் பெரிது. ஆனால் ஊரில் நூற்றுக்கு 5, நகரத்தில் நூற்றுக்கு 0.2. தேடலை அந்தச் சின்ன ஊரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

மூன்றாம் படி: பெயரின் வாலைக் கவனிப்பது

வரைபடம் தெளிவாகப் பேசாத அபூர்வப் பெயர்களுக்கு இது உதவும். இத்தாலியக் குடும்பப் பெயர் எந்த ஒலியில் முடிகிறது என்பதே பாதி முகவரி.

'இ'யில் முடிந்தால் பெரும்பாலும் வடக்கு, நடு இத்தாலி: ரோஸ்ஸி, பியாங்கி, ரிச்சி. 'ஓ'வில் முடிந்தால் தெற்குப் பக்கம் அதிகம்: ருஸ்ஸோ, எஸ்போசிட்டோ, க்ரேக்கோ. மெய்யெழுத்தில் முடிந்தால் வெனிஸ் சார்ந்த வெனெத்தோ பகுதி: த்ரெவிசான், ஃபுர்லான், விசென்தின். சார்தினியாத் தீவின் பெயர்களைக் காதிலேயே பிடித்துவிடலாம்: பிராஸ், மெலிஸ், புத்து. கலாப்ரியாவில் கடைசி எழுத்தின் மேல் கோடு போட்ட லகனா போன்ற பெயர்கள், அந்தப் பக்கம் நெடுங்காலம் வழங்கிய கிரேக்க மொழியின் சுவடு. அதே கலாப்ரியாவில் மொராபித்தோ என்ற பெயர் அரபியிலிருந்து வந்தது.

இது விதி இல்லை, துப்பு மட்டும்தான். வரைபடத்தோடு ஒத்துப்போனால் எடுத்துக்கொள்ளுங்கள், முரண்பட்டால் வரைபடத்தை நம்புங்கள்.

நான்காம் படி: எந்த வகைப் பெயர்?

இப்போது அர்த்தத்துக்கு வரலாம். இத்தாலியக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் வந்தவை. அப்பாவோ முன்னோரோ வைத்திருந்த சொந்தப் பெயர்: தி ஜொவான்னி, தெ லூக்கா, மார்தினி. உடலையோ குணத்தையோ பார்த்து ஊர் வைத்த பட்டப்பெயர்: வெள்ளையானவர் பியாங்கி, சுருட்டை முடிக்காரர் ரிச்சி, பருத்தவர் க்ராஸ்ஸோ. அப்புறம் தொழில், ஊர்.

தொழில் பெயர்கள்தான் எனக்குப் பிடித்த பகுதி. கார் செய்த ஃபெராரியும் சாக்லேட் செய்த ஃபெர்ரேரோவும் பெயரளவில் ஒரே தொழில்காரர்கள், கொல்லர்கள். என்ஸோ ஃபெராரி எமிலியாவின் மோதெனாவில் பிறந்தவர், ஃபெர்ரேரோ நிறுவனம் பியட்மான்டின் ஆல்பாவில் தொடங்கியது. எமிலியாவிலும் லொம்பார்தியிலும் கொல்லர் ஃபெராரி ஆனார், பியட்மான்டில் ஃபெர்ரேரோ, வெனெத்தோவில் ஃபாவரோ, ரொமாஞ்ஞாவிலும் தொஸ்கானாவிலும் ஃபாப்ரி, தெற்கில் ஃபெர்ராரோ. கொல்லுப் பட்டறை இல்லாத ஊர் உண்டா? ஊருக்கு ஒரு கொல்லர் இருந்தார், அவர் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ஒட்டியது. ஆகவே ஃபெராரி என்ற பெயருள்ள எல்லோருக்கும் ஒரே மூதாதை என்று தேடுவது வீண். ஒரு பெயர் எவ்வளவுக்கு எவ்வளவு பரவலாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது பல இடங்களில் தனித்தனியாக முளைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஊர்ப் பெயரில் வரும் குடும்பப் பெயர்கள் எதிர்த்திசையைக் காட்டும். மதுரைக்காரர் என்று ஒருவரை மதுரையில் யாரும் கூப்பிடுவதில்லை, சென்னைக்கோ கோவைக்கோ போன பிறகுதான் அந்தப் பெயர் ஒட்டும். நப்போலித்தானோ, ரொமானோ, த்ரெவிசான், லொம்பார்தி எல்லாம் அப்படித்தான். முன்னோர் அந்த ஊரை விட்டு வெளியே போய்க் குடியேறியபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் வைத்த பெயர்.

ஐந்தாம் படி: பெற்றோர் பெயர் தெரியாத பெயர்கள்

எஸ்போசிட்டோ இந்த நான்கிலும் அடங்காது. இலத்தீனில் 'வெளியே வைக்கப்பட்ட' என்பதிலிருந்து வந்த பெயர் அது. பெற்றோரால் வளர்க்க முடியாமல் விடப்பட்ட குழந்தைக்கு வைத்தது.

நேப்பிள்ஸில் அன்னுன்சியாத்தா என்ற திருத்தலமும் மருத்துவமனையும் சேர்ந்த இல்லம் 14-ஆம் நூற்றாண்டு முதல் இருக்கிறது. அதன் தெருப்பக்கச் சுவரில் ஒரு திறப்பு. உள்ளே மரத்தால் செய்த உருளை, அச்சில் சுழலும்படி. குழந்தையை அதில் வைத்துத் திருப்பினால் அது கட்டடத்துக்குள் போய்விடும், வெளியே நிற்பவர் முகம் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. உள்ளே இரவும் பகலும் ஒரு பெண் காத்திருப்பாள். குழந்தையை எடுத்துக் குளிப்பாட்டி, என்றைக்கு, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நாள் குழந்தை போலத் தெரிகிறது, என்ன துணி சுற்றியிருந்தது, உடம்பில் என்ன அடையாளம், கூடவே காகிதம் ஏதும் இருந்ததா என்று பதிவேட்டில் எழுதுவார்கள். கழுத்தில் ஈயத்தாலான சின்ன முத்திரையைக் கட்டுவார்கள். நேப்பிள்ஸ் மக்கள் இந்தப் பிள்ளைகளை 'மாதாவின் பிள்ளைகள்' என்று சொன்னார்கள். 17-ஆம் நூற்றாண்டு முதலான இந்தப் பதிவேடுகளை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சுழலும் பெட்டியை 1875-இல் மூடினார்கள், அதன் இடத்தை இப்போதும் போய்ப் பார்க்கலாம்.

குழந்தைகளைப் பால் கொடுக்கும் தாய்மார்களிடம் ஒப்படைப்பதுண்டு, அவர்களில் பலர் சுற்றுப்புறக் கிராமங்களில் இருந்தவர்கள். வளர்ந்த பிள்ளைகள் அங்கேயே வேலை பார்த்து, கல்யாணம் செய்து, பெயரைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வரைபடத்தில் வெசூவியஸ் அடிவாரம் எல்லாம் எஸ்போசிட்டோவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நேப்பிள்ஸ் அரசர் ஜோகிம் முராவின் ஆட்சிக் காலத்தில் (1808–1815) இந்தப் பெயரைப் புதிதாக வைப்பதைத் தடுத்தார்கள். பிறப்பின் நிலையைப் பெயரே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது என்பது எண்ணம். அதன் பிறகு வந்த குழந்தைகளுக்கு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு புதுப் பெயர். தேடுபவருக்கு இது முக்கியமான தகவல். உங்கள் கையில் இருப்பது எஸ்போசிட்டோ என்றால், பெயர் வைக்கப்பட்ட நாள் பெரும்பாலும் 1800-களின் தொடக்கத்துக்கு முன். அந்த வட்டாரத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பெயர் 1820-களில் திடீரென்று முளைத்திருந்தால், அதுவும் இப்படி ஒரு குழந்தைக்கு அதிகாரி யோசித்து வைத்த பெயராக இருக்கலாம்.

நேப்பிள்ஸுக்கு எஸ்போசிட்டோ என்றால் மற்ற ஊர்களுக்கு வேறு. ரோமிலும் உம்பிரியாவிலும் ப்ரொயெத்தி. சிசிலியில் த்ரொவாத்தோ, 'கண்டெடுத்தவன்' என்று பொருள். ரொமாஞ்ஞாவில் 'கடவுளின் வீடு' என்ற பொருளில் கசாதேயி. மிலானின் பெரிய மருத்துவமனைக்குப் புறா சின்னம், அங்கே வந்த குழந்தைகள் கொலம்போ ஆனார்கள். 1825 வரை இந்த வழக்கம் இருந்தது. அமெரிக்காவுக்குக் கப்பல் விட்ட கொலம்பஸ் குடும்பம் ஜெனோவாவைச் சேர்ந்தது, அதற்கும் மிலான் மருத்துவமனைக்கும் சம்பந்தமில்லை. இங்கேயும் முதலில் கேட்க வேண்டியது ஊரைத்தான்.

ஃப்ளாரன்ஸில் இன்னொசென்தி. அங்கே ப்ரூனெல்லெஸ்கி வடிவமைத்த குழந்தைகள் இல்லத்துக்கு 1445 பிப்ரவரி 5 அன்று முதல் குழந்தை வந்தது. பெண் குழந்தை, ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயர் வைத்தார்கள். அந்த இல்லத்தின் அருங்காட்சியகத்தில் குழந்தைகளோடு வந்த அடையாளப் பொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பாதியாக வெட்டிய பதக்கங்கள் அதில் உண்டு. மீதிப் பாதியைத் தாய் வைத்துக்கொள்வாள், என்றைக்காவது நிலைமை சீரானால் அதைக் கொண்டுவந்து பொருத்திக் காட்டித் தன் பிள்ளையைக் கேட்கலாம் என்று. அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தவர்கள் இந்தப் பெயர்களைக் கேலிப் பொருளாகப் பேச மாட்டார்கள்.

ஆகவே ஒரே தெருவில் இரண்டு எஸ்போசிட்டோ வீடு இருந்தால் அவர்கள் பங்காளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒரு தனிக் குடும்பத்தின் தொடக்கம். இத்தாலியின் மிகப் பரவலான பெயர்களில் ஒன்றான இதில்தான் பெயர் ஒற்றுமைக்கும் இரத்த உறவுக்கும் தொடர்பு மிகக் குறைவு.

ஆறாம் படி: பதிவேட்டைத் திறப்பது

இத்தாலியக் கலாச்சார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் அந்தெனாத்தி என்ற தளத்தில் அரசு ஆவணக் காப்பகங்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் படமாகப் பார்க்கலாம். இலவசம். பெயர் தட்டித் தேடும் வசதி ஒரு பகுதிக்குத்தான் உண்டு, மற்றதை ஊர், ஆண்டு என்று போய் நாமே பக்கம் புரட்ட வேண்டும். ஃபேமிலி சர்ச் தளத்திலும் இலவசக் கணக்கு தொடங்கி இத்தாலியப் பதிவேடுகளைப் பார்க்கலாம்.

எந்த ஆண்டிலிருந்து கிடைக்கும் என்பது பகுதியைப் பொறுத்தது. நேப்பிள்ஸ் ராஜ்யத்தில் 1809-இல் சிவில் பதிவு தொடங்கியது, சிசிலியில் 1820-இல். ஒன்றுபட்ட இத்தாலியின் பெரும்பகுதிக்கு 1866, வெனெத்தோவுக்கும் ரோமுக்கும் 1871. நெப்போலியன் காலத்துச் சில ஆண்டுகளுக்கு மட்டும் பதிவு வைத்துப் பிறகு விட்டுவிட்ட வடக்கு ஊர்களும் உண்டு. தெற்கத்திப் பெயரைத் தேடுபவர்களுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம், வடக்கைவிட அரை நூற்றாண்டு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

பின்னோக்கித்தான் நடக்க வேண்டும். தெரிந்த திருமணம் ஒன்றை எடுங்கள். அதில் மணமக்களின் வயது, பெற்றோர் பெயர், பிறந்த ஊர் இருக்கும். வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு வரும். அந்த ஆண்டின் பிறப்புப் பதிவேட்டின் கடைசியில் அகரவரிசைப் பட்டியல் இருக்கும், அதில் பெயரைப் பிடித்து எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே போங்கள். எஸ்போசிட்டோ மாதிரிப் பெயரில் பட்டியலின் ஒரே பக்கத்தில் ஐந்தாறு ஜென்னாரோ எஸ்போசிட்டோ வந்து நின்றாலும் நிற்பார்கள். ஜென்னாரோ நேப்பிள்ஸின் காவல் புனிதர், ஆண்பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைப்பது ஊர் வழக்கம். அப்போது தாயின் குடும்பப் பெயர்தான் உங்களைக் காப்பாற்றும்.

தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் சில. 'நாத்தி' பிறப்பு, 'மாத்ரிமோனி' திருமணம், 'மோர்த்தி' இறப்பு. தகப்பன் பெயருக்கு முன் 'தி' என்று இருந்தால் அவர் அன்று உயிரோடு இருந்தார், 'ஃபூ' என்று இருந்தால் காலமாகிவிட்டார். இந்த இரண்டெழுத்துச் சொல்லை வைத்தே இறப்புப் பதிவேட்டில் எந்த ஆண்டுக்கு முன்னால் தேடுவது என்று முடிவு செய்துவிடலாம். 'ஜெனித்தோரி இஞ்ஞோத்தி' என்றால் பெற்றோர் யாரென்று தெரியாது. ஆண்டுகளை எண்ணில் போடாமல் எழுத்தில் எழுதியிருப்பார்கள், ஆகையால் ஒன்று முதல் நூறு வரை இத்தாலிய எண்ணுப் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படிவம் அச்சடித்தது, இடைவெளிகளை மட்டும் கையால் நிரப்பியிருப்பார்கள். பத்துப் பதிவு படித்தால் பதினொன்றாவது தானாக வந்துவிடும்.

தெற்கில் திருமணத்தோடு சேர்த்துக் கட்டிவைத்த துணை ஆவணங்களை விட்டுவிடாதீர்கள். ப்ரோச்செஸ்ஸெத்தி என்பார்கள். மணமக்களின் பிறப்புச் சான்று, அப்பா இறந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்று, சில சமயம் தாத்தாவின் இறப்புச் சான்றும் ஒரே கட்டில் இருக்கும். சிவில் பதிவு தொடங்குவதற்கு முன் பிறந்தவருக்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவின் நகலை இணைத்திருப்பார்கள், அதனால் 1809-க்கு முன்னாலும் ஒரு தலைமுறை எட்டிப் பார்க்கலாம்.

அதற்கும் முன்னால் போக பங்குக் கோயில்தான். 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் த்ரென்த் பொதுச்சங்கம் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிந்து வைக்கச் சொன்னது. 1614-இல் இறப்பும் குடும்பக் கணக்கும் சேர்ந்தன. ஸ்தாத்துஸ் அனிமாரும் என்ற அந்தக் குடும்பக் கணக்கில் வீட்டுக்கு வீடு யார் யார், என்ன வயது என்று பாதிரியார் எழுதியிருப்பார். கிடைத்தால் புதையல்.

விடப்பட்ட குழந்தையில் போய் வழி முடிந்தால் அந்த இடத்தில் நின்றுவிடுங்கள். குழந்தை வந்த நாளின் பதிவையும், அதோடு இருந்த துணி, காகிதம் பற்றிய குறிப்பையும் அப்படியே படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு பணக்காரக் குடும்பத்தையோ பிரபுவையோ கற்பனையாக ஒட்டவைக்கும் ஆசை பலருக்கு வரும். பதிவில் இல்லாததைக் குடும்ப மரத்தில் எழுதாதீர்கள்.

இணையத்தில் தட்டுப்படாத பதிவுக்கு அந்த ஊர் நகராட்சியின் சிவில் பதிவு அலுவலகத்துக்கு எழுதலாம். ஒரு கடிதத்தில் ஒரே ஒரு நபரைப் பற்றிக் கேளுங்கள். பெயர், தோராயமான ஆண்டு, பெற்றோர் பெயர், உங்களுக்கு அவர் என்ன உறவு, இவ்வளவு போதும். சின்னச் சின்ன வாக்கியமாக இத்தாலியத்தில் எழுதி, உங்கள் அடையாள அட்டை நகலை இணையுங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம். பங்குத்தந்தைக்கு எழுதுவதானால் கோயிலுக்குச் சிறு காணிக்கை அனுப்புவது மரியாதை.

குலச்சின்னம் விற்பவர்கள்

பெயரைத் தட்டினால் கேடயமும் சிங்கமும் போட்ட சின்னத்தைச் சட்டம் போட்டு விற்கும் கடைகள் நிறைய. வாங்காதீர்கள். குலச்சின்னம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது, அந்தப் பெயர் உள்ள எல்லோருக்கும் உரியதல்ல. 1948 முதல் நடப்பில் இருக்கும் இத்தாலிய அரசியலமைப்பு பிரபுப் பட்டங்களை ஏற்பதும் இல்லை. பெயருக்கு முன்னால் 'தெ' இருந்தால் பிரபுக் குடும்பம் என்பதும் கட்டுக்கதைதான், லூக்காவின் மகன் தெ லூக்கா, அவ்வளவுதான்.

எந்தப் பெயரில் பழகுவது?

கையில் சொந்தமாகப் பெயர் எதுவும் இல்லை, முறையைப் பழகிப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் பெஸ்கி. நம் வீரமாமுனிவரின் குடும்பப் பெயர். கான்ஸ்தான்ஸோ ஜுசெப்பே பெஸ்கி 1680-இல் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரேயில் பிறந்தவர், லொம்பார்தியில் இன்றைய மாந்தொவா மாவட்டத்து ஊர். முதலில் பெயரைப் பாருங்கள், 'இ'யில் முடிகிறது. பிறகு வரைபடத்தில் தட்டி, அடர்த்தி எந்த மாவட்டங்களில் விழுகிறது, அவர் பிறந்த ஊருக்கு எவ்வளவு பக்கம் என்று குறியுங்கள். பெரிய நகரங்களில் வருவதைத் தனியே ஒதுக்குங்கள், சின்ன ஊர்களில் வருவதைத் தனியே எழுதுங்கள். அவர் காலத்தில் சிவில் பதிவு இல்லை. 1563-க்குப் பிந்தைய பிறப்பு என்பதால் அவருடைய ஞானஸ்நானத்தைத் தேட வேண்டிய இடம் பங்குக் கோயில் பதிவேடு. அதே ஊரின் 19-ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகள் அந்தெனாத்தியில் இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் ஏதாவது ஓர் ஆண்டின் பிறப்புப் பட்டியலைத் திறந்து, 'பி' எழுத்துக்குப் போய், அந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள்.